முப்பத்து நான்கு எங்கே?

ஓர் இளைஞனின் முழங்கால் முறிகிற காட்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு, "இல்லீங், இது இன்னிக்கு ஒடைஞ்சது இல்லீங். போன மாசமே ஒடைஞ்சுபோச்சு, இன்னிக்குத்தான் கீழ விழுந்திருக்கு" என்று சொல்கிற மனிதரை நீங்கள் பார்த்ததுண்டா?

டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் இருக்கிறார், பெயர் நஞ்சப்பன். ஞாயிற்றுக்கிழமை காலை, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பளத்தின் மேல் சம்மணமிட்டு, வீடியோ ரிமோட்டை நாடி பார்க்கிறவரைப் போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டைவிரலால் அழுத்துவார். திரையில் விழுந்து கிடப்பவன் பின்னோக்கி எழுவான். அவன் மேல் கிடந்த மூன்று பேரும் காற்றில் பறந்து விலகுவார்கள். பந்து அவன் மடியிலிருந்து கொடுத்தவன் கைக்கே திரும்பிப் போகும். மறுபடி அழுத்துவார். எல்லோரும் மறுபடி விழுவார்கள். சமையலறையிலிருந்து அவர் மனைவி வள்ளி குரல் கொடுப்பார்: "ஏனுங், கழுதைக செயிச்சாங்களா இல்லீங்களா? அதச் சொல்லிப்போட்டு எந்திரிச்சுத் தண்ணி வாத்துக்குங்."

கழுதைகள் என்பது திட்டு இல்லை. சான் கபிரியேல் கல்லூரி அணியின் பெயரே அதுதான்: மியூல்ஸ், கோவேறு கழுதைகள். காலால் உதைக்கும் பந்தாட்டத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எதிரே நிற்கும் மனிதச் சுவரை உடைத்து ஓடுகிற ஆட்டம். டெக்சாஸில் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துப் பையன்கள் இதை ஆடுவார்கள். சனிக்கிழமை கல்லூரிப் பையன்கள். ஞாயிறு காலை மாதாகோயில். இந்த மூன்றில் எது மதம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நஞ்சப்பன் தாராபுரத்துக்காரர். எண்பத்தாறில் அந்தக் கல்லூரிக்கு மேல்படிப்புக்கு வந்தார். இப்போது இந்த ஊருக்கே சோறு போடும் கணினி நிறுவனத்தில், உடைந்து திரும்பி வரும் பெட்டிகளைப் பிரித்து, ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கீழே போட்டதா, சூட்டில் வெந்ததா, வண்டியில் குலுங்கியதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "ஒடைஞ்ச சாமான் பொய் சொல்லாதுங். ஒடைச்சவந்தான் சொல்லுவான்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாசகம். வீட்டு மிக்சி நின்றாலும் இதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டு வள்ளியைப் பார்ப்பார். வள்ளி வேறு பக்கம் பார்ப்பார்.

ஆட்டத்தையும் அவர் அப்படித்தான் பார்க்கிறார். மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். அவர் பந்து போன பிறகு அங்கே என்ன கிடக்கிறது என்று பார்ப்பார்.

போன ஆண்டுப் பருவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து ஆட்டமும் வெற்றி. கல்லூரி ஊரில் பெட்ரோல் பங்கிலிருந்து பல் டாக்டர் வாசல்வரை கழுதைக் கொடி பறந்தது. அதன் பிறகு ஆறு ஆட்டத்தில் ஒன்றுதான் தேறியது. பத்திரிகைகள் பந்தை எறியும் பையனைக் கிழித்துத் தொங்கவிட்டன: பயந்தாங்கொள்ளி, கை நடுங்குகிறது, மாற்று. நஞ்சப்பன் ஒப்புக்கொள்ளவில்லை. எறிகிறவன் வலக்கைக்காரன். எறிய நிற்கும்போது அவன் முதுகு இடப்பக்கம் இருக்கும். அங்கிருந்து வருகிறவனை அவனால் பார்க்க முடியாது. அந்த முதுகைக் காப்பதற்கென்றே இடக்கோடியில் ஒரு மலையை நிறுத்தி வைப்பார்கள். மியூல்ஸின் மலை எழுபத்தாறாம் எண். ஐந்தாவது ஆட்டத்தில் மலைக்குக் கணுக்கால் பிசகியது. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் கேமரா பந்தோடு போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து மலை அரை நொடி தாமதமாக அசைந்தது. அந்த அரை நொடியில் எறிகிறவன் முதுகில் இடி விழுந்தது. பயிற்சியாளர் பயந்துபோய் எறிவதையே குறைத்தார். எல்லாப் பந்தையும் ஓடுகிறவன் கையில் கொடுத்தார்.

ஓடுகிறவன், இங்கே ரன்னிங் பேக் என்பார்கள், எண் முப்பத்து நான்கு. பெயர் டெரில் மெடோஸ். வளைகுடாக் கரையில், எண்ணெய் ஆலைப் புகைக்குக் கீழே இருக்கும் ஒரு சிற்றூர்க்காரன். கறுப்பினப் பையன், இருபது வயது.

"பெட்டிக்குள்ள ரெண்டு ஃபேன் ஓடோணுமுங்" என்று நஞ்சப்பன் எங்களுக்கு விளக்கினார். "ஒண்ணு நின்னுபோச்சுன்னு வைங். இன்னொண்ணு ரெண்டு மடங்கு சுத்தும். பெட்டி ஓடிட்டுத்தான் இருக்கும். கொஞ்ச நாளைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாதுங். கஸ்டமர் சந்தோசமா இருப்பான். அப்பறம் ஒரு நாளைக்கு நிக்கும் பாருங், அன்னிக்கு எல்லாமே சேந்து நிக்கும்."

ஞாயிறு அவர் வீட்டில் கூடுகிற கூட்டம் பெரிதில்லை. நான் போவேன். அதே நிறுவனத்தில் வேலை பார்க்கும் சேனாபதி வருவார். அவரும் தாராபுரம் பக்கம். திரையில் முப்பத்து நான்கு ஓடுவதைப் பார்த்து சேனாபதி ஒரு முறை, "அண்ணா, இவன் சுத்தமான காங்கேயங் காளைண்ணா!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காளை என்றால் ஓட்டுகிறவன் ஒருவன் உண்டு, விற்கிறவன் ஒருவன் உண்டு, ஓட முடியாதபோது அடிமாட்டுக்கு ஏற்றுகிறவனும் உண்டு என்று கத்தினேன். இந்த மண்ணில் மனிதர்களைப் பல் பிடித்துப் பார்த்து ஏலம் விட்ட வரலாறு அவ்வளவு பழையதில்லை என்றும் சொன்னேன். நஞ்சப்பன் சமாதானம் செய்தார். "உடுங் தம்பி, பாராட்டித்தான சொல்றான். நீங்க ஆட்டத்தப் பாருங்." சேனாபதி என்னைக் காட்டி, "இவர் இட்லி சாப்டும்போதும் புரட்சி பண்ணுவாருண்ணா" என்றார். வள்ளி எனக்கு இன்னும் ஓர் இட்லி வைத்தார்.

பத்து மணிக்கு உள்ளூர் வானொலியில் ரசிகர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சி. நடத்துகிறவர் பெயர் ஹேங்க். நஞ்சப்பன் வாராவாரம் கூப்பிடுவார். நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், ரேடியோவை அணைத்துவிட வேண்டும், வள்ளி குக்கரை இறக்கிவிட வேண்டும். அவர் மகள் ரோஷினி மட்டும் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவில் கேட்பாள். பதின்மூன்று வயதில் அப்பாவின் குரல் ரேடியோவில் வருவது பெருமையா அவமானமா என்று தீர்மானிக்க முடியவில்லை போலும். நஞ்சப்பனின் ஆங்கிலத்தில் 'ங்' ஒலிப்பதில்லையே தவிர, மரியாதை அப்படியே இருக்கும். "ஹேங்க் சார், குட் மார்னிங் சார்" என்று தொடங்குவார். அவர் வந்ததும் ஹேங்க் ஒரு சிதார் துணுக்கை ஒலிக்கவிடுவார். "இதோ, ரவுண்ட் ராக்கின் சுவாமி!" என்பார்.

எனக்கு இது பொறுக்கவில்லை. வாழ்நாளில் ஒரு ஜாதகம் பார்க்காத மனிதர். காரணத்திலிருந்து காரியத்துக்கு ஒரு படிகூடத் தாவாமல் இறங்கி வருகிறவர். அவர் சொன்னதைக் குறிசொல்லலாக்கி, அவர் கழுத்தில் உத்திராட்சம் மாட்டி உட்காரவைத்து விட்டார்கள். பழுப்புத் தோல் பகுத்தறிந்தால் இந்த நாடு கொடுக்கும் பட்டம் சாமியார். கோபப்பட்டுக் கேட்டால் நஞ்சப்பன் சிரிப்பார். "கூப்புட்டுட்டுப் போறான், உடுங். லைன் குடுக்கறானல்ல."

போன அக்டோபரில் அவர் அந்த லைனில் சொன்னார்: "ஹேங்க் சார், முப்பத்து நான்காம் எண்ணுக்கு ஓய்வு கொடுக்காவிட்டால் பருவம் முடிவதற்குள் அவன் நின்றுவிடுவான் சார்." சிதார் ஒலித்தது. சிரிப்பு கேட்டது.

நவம்பரில் நான் முதலில் சொன்ன காட்சி நடந்தது. அடுத்த ஞாயிறு சிதார் முன்னைவிடச் சத்தமாக ஒலித்தது. சுவாமி சொன்னார், நடந்தது! சுவாமி, அடுத்த வாரம் லாட்டரி எண் என்ன? நஞ்சப்பனுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. பாவம் சார் அந்தப் பையன் என்றார். பிறகு, அவருக்கே உரிய நல்ல மனதோடு ஓர் ஆறுதலும் சொன்னார். "ஒரே ஒரு நல்லது சார். இனி அவனுக்குப் படிக்க நேரம் கிடைக்கும். ஸ்காலர்ஷிப் இருக்கிறது. நிம்மதியாக உட்கார்ந்து டிகிரியை முடிக்கலாம்."

மறுமுனையில் சிரிப்பு. ஹேங்க் சிரித்தார், அவருடன் இருந்தவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே விளம்பரத்துக்குப் போனார்கள். நஞ்சப்பன் ஃபோனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இப்ப என்னத்துக்குங் சிரிக்கறானுங்க?"

எங்கள் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். உலகத்து அநியாயங்களை எல்லாம் படித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியவில்லை. நாம் வந்த இடத்தில் ஸ்காலர்ஷிப் என்பது மார்க்குக்குக் கிடைப்பது. கிடைத்துவிட்டால், ஒழுங்காகப் படிக்கிறவன் கையிலிருந்து அதை முதலமைச்சராலும் பிடுங்க முடியாது. கால் ஒடிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவான். அந்த நினைப்போடு நாங்கள் நான்கு பேரும் இட்லி சாப்பிட்டோம்.

இந்த ஆகஸ்டில் நஞ்சப்பன் புதிய பருவத்துக்கான தன் கணிப்பைத் தயாரிக்கத் தொடங்கினார். மலைக்குக் கணுக்கால் ஆறிவிட்டது. எறிகிறவனுக்கு ஒரு வயது கூடியிருக்கிறது. தடுப்பு வரிசையில் ஏழு பேர் பழையவர்கள். முதல் மூன்று ஆட்டமும் எளிது. நான்காவது கடினம், வெளியூர். எல்லாம் ஒரே ஒரு முழங்காலில் வந்து நின்றது. முப்பத்து நான்கு திரும்பி வந்தால் எட்டு வெற்றி. வராவிட்டால் ஐந்துதான், அதுவும் மழை பெய்யாமல் இருந்தால்.

"சாமானக் கண்ணுல பாக்காம ரிப்போர்ட் எழுதக்கூடாதுங்" என்றார். பருவம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை, கல்லூரி மைதானத்தில் ரசிகர்கள் ஆட்டக்காரர்களை நேரில் சந்திக்கலாம். போய் அந்தப் பையன் நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று.

வள்ளி விடவில்லை. "நடையப் பாக்கப் போறீங்களா? அடிபட்டு ஒம்பது மாசமாச்சு. வாரம் தவறாம அந்தப் பையன் பேரச் சொல்லி ரேடியோவுல பேசினீங்க. ஒருக்கா போயி ஒடம்பு எப்புடி இருக்குதுன்னு கேட்டீங்களா? நம்மூரா இருந்தா மூணாம் நாளே போயிருக்கோணும். வெறுங்கையோட போவாதீங்." சொல்லிவிட்டு, ஆஸ்டின் இந்தியன் கடையில் வாங்கிய ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஆப்பிளையும் பையில் போட்டு, தானும் கிளம்பிவிட்டார்.

"அம்மா, ஹி இஸ் எ ரன்னிங் பேக்!" என்று ரோஷினி தலையில் அடித்துக்கொண்டாள். "ஹி டஸ்ன்ட் ட்ரிங்க் ஹார்லிக்ஸ்!"

"அடிபட்டா ஆரா இருந்தாலும் குடிக்கோணும் கண்ணு. நீ ஏறு வண்டீல."

நானும் போனேன். ஆகஸ்டு வெயிலில் மைதானப் புல் பிளாஸ்டிக் வாடை அடித்தது. பந்தலுக்குக் கீழே நீள மேசைகள். எண் வரிசைப்படி ஆட்டக்காரர்கள் உட்கார்ந்து, குழந்தைகள் நீட்டுகிற படங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். இதை நான் நஞ்சப்பன் காதில் சொன்னேன். "தெரியுமுங்" என்றார், அவ்வளவுதான். அவர் கண் எண்களின் மேல் இருந்தது. இருபத்தெட்டு, முப்பது, முப்பத்து மூன்று. முப்பத்து நான்கின் முன்னால் போய் நின்று, பையிலிருந்து ஹார்லிக்ஸை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

வேறு முகம். பல்லில் கம்பி கட்டிய, பதினெட்டு வயதுக்குமேல் போகாத ஒரு பிள்ளை. பாட்டிலைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டான்.

"டெரில் மெடோஸ் எங்கே?" என்றார் நஞ்சப்பன்.

"தெரியாது சார். இந்த எண் எனக்கு ஜூலையில் கொடுத்தார்கள்."

பின்னால் நின்றிருந்த, தொப்பி போட்ட உதவிப் பயிற்சியாளர் குனிந்து, மலர்ந்த முகத்தோடு, "டெரில் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டான்" என்றார். எந்தக் கட்டம் என்று சொல்லவில்லை. அடுத்தவர் வரலாம் என்று கைகாட்டினார்.

மேசையின் கடைக்கோடியில் மலை உட்கார்ந்திருந்தது. எழுபத்தாறு. நஞ்சப்பன் "குட் ஆஃப்டர்நூன்" என்று சொன்னதுமே அவன் பேனாவை வைத்துவிட்டான். குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டான். ரேடியோவில் பேசுகிறவர் நீங்கள்தானே என்றான். தோற்றதற்குக் காரணம் என் கணுக்கால் என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான், என் அம்மா அதை டேப் செய்து வைத்திருக்கிறார் என்றான். ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்கக் குனிவதைப் போல அவ்வளவு பெரிய உடம்பைக் குனிந்து நஞ்சப்பனுக்குக் கைகொடுத்தான். நஞ்சப்பன் அதே கேள்வியைக் கேட்டார்.

அவன் தோளுக்குப் பின்னால் ஒரு முறை பார்த்துக்கொண்டான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அவனுக்குப் புதுப்பிக்கவில்லை சார்."

"எதை?"

"ஸ்காலர்ஷிப்பை. எங்கள் எல்லோருக்கும் ஒரு வருடத்துக்குத்தான் சார் அது. கோடையில் பயிற்சியாளர் கூப்பிட்டு, உண்டு இல்லை என்று சொல்வார். முழங்கால் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போய்விட்டான். டயர் கடையில் இருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். ஃபோன் எண்கூட இல்லை சார்."

"மார்க் எடுக்கவில்லையா?" நஞ்சப்பன் அதைத்தான் கேட்டார். அவரால் வேறெதையும் கேட்க முடியவில்லை.

"நல்ல மார்க் சார். வரலாறு படித்தான். எனக்கே அவன்தான் சொல்லிக் கொடுப்பான்." மலை பேனாவைக் கையில் எடுத்தது. "மார்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை சார்."

வள்ளிக்கு அவன் உச்சரிப்பு பிடிபடவில்லை. "என்னங்குறான்? பையன் எங்கயாமா?" என்று கணவனைக் கேட்டார். ரோஷினிதான் சொன்னாள், இந்த முறை தலையில் அடித்துக்கொள்ளாமல்: "அம்மா, தே டுக் இட் அவே. பிகாஸ் ஹி காட் ஹர்ட்."

வள்ளி அந்த மைதானத்தையும் பந்தலையும் கொடிகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அடிபட்ட புள்ளையோட படிப்பையா புடுங்குனாங்க? காலேசா இது?"

ஆயிரக்கணக்கான பக்கங்கள் படித்து நான் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் செத்தையாகப் போயிற்று. ஒருவனைப் படிக்க வைக்கிறேன் என்று அழைத்து வருகிறார்கள். சம்பளம் இல்லை, ஏனென்றால் அவன் மாணவன். எண்பதாயிரம் பேர் காசு கொடுத்து அவன் எலும்பு மோதும் சத்தத்தைக் கேட்கிறார்கள். எலும்பு முறிந்ததும் அவன் மாணவன் இல்லை. இது திருட்டு என்றால் சட்டப்படி இல்லை என்பார்கள். ஆம், எல்லாம் விதிப்படிதான் நடந்திருக்கிறது. எனக்கு அதிர்ச்சியே அங்கேதான். ஒளித்து வைத்த கொடுமை இல்லை இது. கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். ஹேங்க் சிரித்தாரே, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால்தான் சிரித்தார். தெரியாதவர்கள் நாங்கள் மட்டும்தான்.

திரும்பி வரும்போது, ஃப்ரீவேயில், பின்சீட்டில் ரோஷினியின் காலடியில் ஹார்லிக்ஸ் பாட்டில் உருண்டு உருண்டு கதவில் இடித்தது. அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜார்ஜ்டவுன் தாண்டிய பிறகு நஞ்சப்பன் சொன்னார்: "எட்டு, அஞ்சுன்னு கணக்குப் போட்டனுங் தம்பி. அந்தப் பையன் எப்புடி நடக்கறான்னு பாக்கப் போனேன். நானும் அவங்களாட்டந்தானுங் போனேன்."

அடுத்த நாள் சேனாபதிக்கு விஷயம் தெரிந்ததும் பதறினார். "அண்ணா, ரேடியோவுல கீடியோவுல பேசி வெச்சிடாதீங்க. எனக்கு கிரீன் கார்டு பாதில நிக்குது. உங்க கூட்டத்துல நானும் ஒருத்தன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். நமக்கு எதுக்குண்ணா ஊரா வீட்டுப் பொல்லாப்பு? அது அவங்க காளை, அவங்க..."

"காளைன்னு சொல்லாத" என்றார் நஞ்சப்பன். அவர் சேனாபதியை நீ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சேனாபதி மேல் எனக்குக் கோபமில்லை. விசா புதுப்பிக்கும் மாதம் வந்தால் வீட்டில் எப்படி உப்புப் புளி குறைகிறது, குழந்தையின் டேகேர் பணத்தைக் கட்டலாமா வேண்டாமா என்று எப்படி யோசிக்கிறோம், மேலாளர் முகம் சுளித்தால் எப்படித் தூக்கம் போகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். புதுப்பித்தல் என்ற சொல்லைக் கேட்டதும் தேதியை எண்ணிப் பார்க்காதவர் இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர்? அப்படியானால் டெரில் மெடோஸ் யார் என்று நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவன் இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டிலேயே விசாவில் இருந்தவன்.

பத்து மணி ஆயிற்று. குக்கர் இறங்கிற்று. நஞ்சப்பன் எண்ணை அழுத்தினார். அன்று மாடியில் கதவு சாத்தவில்லை. ரோஷினி படியில் வந்து உட்கார்ந்தாள். சேனாபதியும் வந்திருந்தார், செருப்பைக் கழற்றாமல் வாசற்கதவருகே நின்றார்.

சிதார். "சுவாமி! புதிய பருவம்! சொல்லுங்கள், எத்தனை ஆட்டம் ஜெயிக்கிறோம்?"

"குட் மார்னிங் ஹேங்க் சார். முப்பத்து நான்கு எங்கே சார்?"

"அட, புதுப் பையன் பிரமாதம்! கால் பார்த்தீர்களா?"

"புதுப் பையன் இல்லை சார். டெரில் மெடோஸ் எங்கே?"

ஹேங்க் ஏதோ சொல்லித் திருப்பப் பார்த்தார். அடிபடுவது ஆட்டத்தில் சகஜம் என்றார். நஞ்சப்பன் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு உயர்த்தத் தெரியாது. உடைந்த பெட்டியைப் பற்றி அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னார்: "சார், நான் கம்ப்யூட்டர் பெட்டி சோதிக்கிறவன். பெட்டி உடைந்தால் மூன்று வருடத்துக்கு நாங்கள் பொறுப்பு. நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். அது வெறும் தகரம் சார். இந்தப் பையனுக்கு ஒரு வருடம். உடைத்ததும் நாம்தான். அவன் நின்றுவிடுவான் என்று நான் இந்த லைனில் சொன்னேன், நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். யாரும் சுவிட்சை அணைக்கவில்லை. நானும் ஃபோனை வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போய்விட்டேன். அதனால் கேட்கிறேன் சார், முப்பத்து நான்கு..."

லைன் போய்விட்டது. படியில் உட்கார்ந்திருந்த ரோஷினி, "அப்பா, தே ஹங் அப் ஆன் யூ" என்றாள். அழுகிறாளா என்று நான் திரும்பிப் பார்த்தேன். அழவில்லை. அவள் கை முஷ்டி பிடித்திருந்தது.

பருவம் தொடங்கிவிட்டது. மியூல்ஸ் இதுவரை மூன்று வெற்றி, ஒரு தோல்வி. தோற்றது அவர் சொன்ன அந்த நான்காவது ஆட்டம். அவருடைய மற்ற கணிப்புகள் என்ன என்று நான் கேட்டேன். இந்த ஆண்டு கணிப்பு இல்லை என்றார். டேப் மட்டும் இன்னும் பார்க்கிறார். பந்தோடு கேமரா போனதும் நிறுத்தி, திரையின் ஓரத்தில் கிடப்பவன் எழுகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே ஓட விடுகிறார். பல்லில் கம்பி கட்டிய புதுப் பையனுக்கு ஓய்வே கொடுக்கவில்லை என்று போன வாரம் சொன்னார்.

அந்த வானொலி நிலையத்தில் இப்போது அவர் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். சிதாரையும் நிறுத்திவிட்டார்கள் என்று ரோஷினி சொல்கிறாள். கல்லூரி விளையாட்டு அலுவலகத்தை வாரநாளில் கூப்பிட்டால், மாணவர்களின் விவரம் தருவதற்கில்லை என்கிறார்கள். அவன் மாணவனா என்று கேட்டால், இல்லை என்கிறார்கள். ஆனால் ஞாயிறு பத்து மணிக்கு வள்ளி குக்கரை இறக்கி வைக்கிறார். ஃபோனுக்குப் பக்கத்தில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டில், முகவரி கிடைக்காமல், மூடி திறக்காமல் நிற்கிறது. நஞ்சப்பன் லுங்கியைச் சரிசெய்துகொண்டு எண்ணை அழுத்துகிறார். "குட் மார்னிங் சார்" என்கிறார். துண்டிக்கிறார்கள். அவர் கட்டைவிரல், பழக்கப்பட்ட அதே கட்டைவிரல், மறுஅழைப்புப் பொத்தானை அழுத்துகிறது.

ஒரு குரலை அடையாளம் வைத்துத் துண்டிப்பது எளிது. நூறு குரலைத் துண்டிக்க முடியாது. நீங்கள் பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கலாம், சான்டா கிளாராவில் இருக்கலாம். உங்கள் பக்கத்துக் கல்லூரிக்கும் ஓர் அணி உண்டு, அந்த அணிக்கும் இப்படி ஒரு வானொலி உண்டு, அங்கேயும் போன ஆண்டு ஓடி இந்த ஆண்டு காணாமற்போன ஓர் எண் உண்டு. ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. வருகிற ஞாயிறு, இட்லிக்கு உட்காருமுன், ஃபோனை எடுங்கள். எத்தனை ஆட்டம் ஜெயிப்போம் என்று கேட்காதீர்கள். அந்தப் பையன் எங்கே என்று கேளுங்கள்.